மாருதி 800-க்கு மோட்டார் தேடிய நாட்கள்

7 ஜனவரி 2024, ஞாயிறு

என் மாருதி 800 காரை மின்சார மோட்டாரில் ஓடும்படி மாற்றுகிறேன். அதன் 796 சிசி பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டிருக்கிறேன். ஒரு சக்கரம் தரையில் நின்றால் மற்றது இருமடங்கு சுற்றும் என்பதால், முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி வைத்து கியர்பாக்ஸுக்குள் என்ஜினின் சுழற்சியைக் கொண்டுசெல்லும் உள்தண்டைக் கையால் சுழற்றி எண்ணினோம். சக்கரம் ஒருமுறை சுற்ற, இரண்டாம் கியரில் ஏறத்தாழ 9.4 சுற்றுகளும் மூன்றாம் கியரில் 5.8 சுற்றுகளும் தேவைப்பட்டன.

14 ஜனவரி

எங்கள் தோட்டத்துக் கிணற்று மேடு, ஐந்து மீட்டர் ஓட்டத்துக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. பேட்டரியும் நான்கு பேரும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்தால், அந்த ஏற்றத்தில் சக்கரங்களுக்கு 520 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். பல்சக்கர இழப்பையும் கூட்டினால் மோட்டாரின் பங்கு மூன்றாம் கியரில் 100, இரண்டாம் கியரில் 61. சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கோ ஐந்து கிலோவாட்டுக்குள் போதும்! குதிரைத்திறனை மட்டும் பார்த்து மோட்டார் வாங்கியிருந்தால் மேட்டில் நின்றிருப்பேன்.

21 ஜனவரி

சீரீஸ் டிசி மோட்டார் (சுருள்கள் தொடராக இணைந்த நேர்மின்னோட்ட மோட்டார்) மலிவாகக் கிடைத்தாலும், சுமையின்றி மின்சாரம் பாய்ந்தால் கட்டுக்கடங்காத வேகத்தில் சுழன்று சிதறக்கூடும் என்பதால் அதை விலக்கினேன். நிலைக்காந்த மோட்டார் எடை குறைந்தது, மின்சாரத்தையும் மிச்சப்படுத்துவது. ஆனால் அளவுமீறிச் சூடேறினால் காந்தமே வலுவிழந்துவிடும். ஆகவே சற்றுக் கனமானாலும் நிலைக்காந்தமே இல்லாத 72 வோல்ட் இண்டக்ஷன் மோட்டாரையே தேர்ந்தெடுத்தேன். தொடர்ந்து 10 கிலோவாட் தரும். உச்ச முறுக்குவிசை 80 நியூட்டன் மீட்டர்; மேட்டுக்கு இரண்டாம் கியரில் வேண்டிய 61-ஐ இது தாண்டுகிறது. விற்பவர்கள் உச்ச அளவையே முன்னால் சொல்கிறார்கள். தொடர்ந்து தாங்கும் அளவைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

11 பிப்ரவரி

நின்ற நிலையிலிருந்தே மோட்டார் இழுக்கும் என்பதால் கிளட்சை நீக்கினேன். மெக்கானிக் அண்ணன் அதற்கு உடன்படவில்லை. பழைய கிளட்ச் தட்டின் நடுப் பல்துளையை வெட்டியெடுத்து மோட்டார் தண்டோடு இணைத்தோம். இரு தண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர, நுண்ணிய விலகலையும் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதிலேயே முழுநாளும் கழிந்தது.

25 பிப்ரவரி

ஒப்புதல் பெறாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தராது. அதனால் தோட்டத்துக்குள் மட்டுமே ஓட்டினேன். இரண்டாம் கியரில் நான்கு பேருடன் மேட்டில் ஏறியபோது மீட்டர் 160 ஆம்பியரை ஒட்டி நின்றது. ஏறிவிட்டோம்!

ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றும்போது, நிமிடத்துக்கு 2,900 சுற்றுகளில் ஓடும் மோட்டாரை 1,800-க்கு இறக்கும் பொறுப்பு முழுவதும் கியர் மாறும்போது சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையத்தின் மேல் விழுகிறது. பற்கள் உரசும் ஓசை கேட்கப் பொறுக்கவில்லை. அண்ணன் சொன்னதே சரி. கிளட்சைத் திரும்பப் பொருத்த, ஃபிளைவீலை (கிளட்ச் அழுந்தும் கனத்த சக்கரம்) மோட்டார் தண்டோடு இணைக்கும் புதிய ஹப் ஒன்றை லேத்தில் கடையக் கொடுத்திருக்கிறேன்.