அட்லாண்டிக்கில் மிதந்த கோயில்கள்

"அரை நாள் வேலை ஐயா" என்று சொன்னதுதான் நான் செய்த முதல் தப்பு.

மொரீசியஸில், கத்ர் போர்ன் ஊரில், நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். பேசுவது பாடப்புத்தகத் தமிழ். கோபம் வந்தால் மட்டும் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. வெளியூர் ஆட்கள் நிறைய வருவார்கள், பக்கத்தில் எந்தெந்தக் கோயில் இருக்கிறது என்று போனிலேயே காட்டும்படி ஒரு பக்கம் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

விஷயம் எளிதுதான். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கோயில்கள் குறிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து தகவல் எடுத்துத் தரும் ஓவர்பாஸ் ஏபிஐ என்ற சேவையிடம், "இந்தப் புள்ளியைச் சுற்றி 5,000 மீட்டருக்குள் இருக்கும் இந்து வழிபாட்டிடங்களைக் கொடு" என்று கேட்க வேண்டும். கேட்டு வாங்கித் தர ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி (யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பு), வரைபடத்தில் வரைந்து காட்ட லீஃப்லெட் என்ற இன்னொன்று.

எங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை என்று 20.26, 57.48 கொடுத்தேன். சட்டென்று பதில் வந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. பட்டியலும் இல்லை.

"கோயிலே இல்லையாம் ஐயா."

வாத்தியார் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். எதிரே கோர் த கார்த் மலை, அதன் சரிவில் முருகன் கோயில்.

அட்சரேகைக்கு முன்னால் மைனஸ் குறி விட்டுப்போயிருந்தது. மொரீசியஸ் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே. நான் ஓமான் பாலைவனத்தில் போய்க் கோயில் தேடச் சொல்லியிருக்கிறேன், லைப்ரரியும் வாய் திறக்காமல் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது.

மைனஸ் போட்டதும் பெயர்கள் வந்தன, ஆனால் பாதிக் கோயில்களுக்கு இடம் இல்லை. கட்டடமாக வரைந்தவற்றுக்கு வெறும் சுற்றுக்கோடுதான் உண்டு. நடுப்புள்ளி வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போனது. சரி, இப்போது எல்லாம் வந்துவிட்டது என்று வரைபடத்தைத் திறந்தால், திரை முழுக்க ஒரே நீலம். அதன் மேல் வரிசையாகக் கோயில்கள்.

"கடல் தெரிகிறதே, ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் பக்கமா?" என்றார் வாத்தியார் ஆர்வமாக.

இருக்கலாம் ஐயா என்று சொல்லிக்கொண்டே வரைபடத்தைச் சுருக்கினேன். கரை வரவில்லை. இன்னும் சுருக்கினேன். கடைசியில் மேலே ஒரு தீவு எட்டிப்பார்த்தது. ஐஸ்லாந்து.

"கி எதே சா?" என்றார் வாத்தியார், 'இது என்ன?' என்று கிரியோலில். உள்ளே இருந்து எட்டிப்பார்த்த வாத்தியார் வீட்டு அம்மா "அய்யோ" என்றார். இந்த ஒரு சொல்லை இங்கே எல்லா சனமும் சொல்லும், கிரியோலிலும் அதே அய்யோதான்.

லீஃப்லெட்டுக்கு முதலில் அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை. இடத் தகவலை எழுதும் வடிவமான ஜியோஜேசானுக்கு நேர் எதிர், தீர்க்கரேகைதான் முதல். 2016இல் வந்த தரநிலையும் அப்படித்தான் சொல்கிறது. லைப்ரரி கொடுத்த ஜியோஜேசானை அப்படியே லீஃப்லெட்டிடம் தந்திருந்தால் அதுவே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும். நான்தான் கெட்டிக்காரத்தனமாக உள்ளே கைவிட்டு இரண்டு எண்களை உருவி, ஒவ்வொரு குறியாக நட்டு வைத்தேன். சென்னைக்கு இதைச் செய்திருந்தால் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் துருவக் கரடிகளுக்கு அண்டை வீட்டுக்காரர் ஆகியிருப்பார்.

"சின்னத் தப்புதான் ஐயா, வரிசை மாறிவிட்டது" என்றேன்.

வாத்தியார் பர்ஸைத் திறந்து 100 ரூபாய் நோட்டை எடுத்து மேசையில் விரித்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டார். "ஆங்கிலம். தமிழ். பிறகு ஹிந்தி. 1998இல் தமிழைக் கீழே தள்ளி அச்சடித்துவிட்டார்கள். நாங்கள் விட்டோமா? நோட்டையே திரும்பப் பெற்று, 1999இல் புதிதாக அச்சடித்தார்கள். வரிசை மாறினால் சின்னத் தப்பா தம்பி?"

நோட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, நான் திருத்துகிறேனா என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்களை மாற்றியதும் கோயில்கள் எல்லாம் ஒரே தாவலில் ஊர் வந்து சேர்ந்தன.

நிரலில் அந்த வரிக்கு மேலே நான் எழுதிவைத்த குறிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது: "இங்கே தீர்க்கரேகை முதலில் வரும், திருப்பிப் போடவும். வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கிறார்."