முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 20, 2024, சனி

தேர்தல் முடிந்தது. விரலில் மை இன்னும் பளிச்சென்று இருக்கிறது. ஓட்டுக்காக அடைத்திருந்த புதுச்சேரி மதுக்கடைகள் திறந்தாயிற்று என்று என் சிநேகிதன் பாகூர்க்காரன் காலையிலேயே போன் செய்துவிட்டான். அவனுக்கு ஒரு துளி ஆகாது. ஆனால் எனக்குத் துணை வருவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வறுவல் எல்லாம் அவன் பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிற எனக்குப் புதுச்சேரி 22 கிலோமீட்டர், பஸ்ஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வண்டி எடுத்துப் போவதில்லை, அது நானே போட்டுக்கொண்ட சட்டம். பாட்டில் வாங்கி வருவதில்லை, அது அரசாங்கம் போட்ட சட்டம். எல்லையில் இருக்கிற முள்ளோடை செக்போஸ்ட்டைத் தாண்டினால் அந்தப் பாட்டில் கடத்தல் சரக்கு ஆகிவிடும். அதனால் குடிப்பதென்றால் அங்கேயே உட்கார்ந்து, சாப்பாட்டோடு, பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை. அதைத்தான் எழுதிவைக்கலாம் என்று இருக்கிறேன்.

இன்று போனது தாங்களே பீர் காய்ச்சி ஊற்றுகிற ஒரு மைக்ரோப்ரூவரி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள், பால் சொசைட்டி மாதிரி. நான் கோதுமை பீர் சொன்னேன். உயரமான கிளாஸ், இடுப்பு ஒடுங்கி வாய் அகன்றது. வடிகட்டாத பீர் என்பதால் கலங்கலாக, நீராகாரத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் கரைத்த நிறம். மேலே இரண்டு விரற்கடை நுரை. மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த வாழைப்பழம், அதற்குப் பின்னாலேயே கிராம்பு.

பாகூர்க்காரனும் மோந்து பார்த்தான். "எசென்ஸ் விடுவீங்களா தம்பி?" என்று பரிமாறுகிறவரிடம் கேட்டே விட்டான்.

"ஒரு சொட்டு கிடையாது சார். எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை."

அவர் சொன்னது சரி. கோதுமை பீருக்கென்றே ஒரு ஈஸ்ட் இருக்கிறது. நொதிக்கும்போதே இந்த இரண்டு வாசனையையும் அதுவே உண்டாக்கிவிடும். பழுத்த வாழைப்பழத்தில் இருக்கிற ஐசோஅமைல் அசிடேட் என்கிற அதே வாசனைப் பொருள்தான் இந்த கிளாஸிலும். ஜெர்மனியில் கோதுமை பீர் என்று பெயர் போட வேண்டுமானால் மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தில், பாதிக்காவது கோதுமை இருந்தாக வேண்டும். பீருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் என்ற பூ குறைவு, அதனால் கசப்பும் குறைவு. ஏப்ரல் வெயிலுக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரிந்து இல்லை.

என் முதல் பீர் இப்படி இல்லை. 1999. கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், ஒரு பச்சை பாட்டில். கடைக்காரர் அதை ஜன்னலோரம் அழகுக்கு அடுக்கிவைத்திருந்தார். திறந்ததும் ரப்பர் எரிந்த மாதிரி ஒரு நாற்றம். பீர் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். ஹாப்ஸில் இருக்கிற சரக்கு வெளிச்சம் பட்டால் கெட்டு அப்படி நாறும், பழுப்பு பாட்டில் அதைத் தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவாகத் தடுக்காது என்பதெல்லாம் எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நாங்கள் குடித்தது வெயிலைத்தான்.

தொட்டுக்கொள்ள நெத்திலி வறுவல். 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சரம் கேட்டதற்கு, "ஐஸ் மீன்தான் சார், வேணாம்" என்று அந்தத் தம்பியே தடுத்துவிட்டார். நெத்திலி பைபர் போட்டில் வந்தது. அப்படி உண்மை சொல்கிற ஆள் இருக்கிற இடத்துக்கு மறுபடி போகலாம்.

மே 5, ஞாயிறு

கத்திரி நேற்று பிறந்துவிட்டது. காலை ஏழு மணிக்கே மண்டை காய்கிறது.

பாகூர்க்காரன் தன் ஊர்ப் பக்கம் கூப்பிட்டான், கள் குடிக்க. தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. அதற்கு முன்னால் விவரம் தெரிந்து குடித்தவர்கள் எல்லாம் இப்போது தாத்தாக்கள். எல்லையைத் தாண்டினால் கள்ளுக்கடை உரிமத்தோடு நடக்கிறது. ஒரே பனைமரம்தான், வரப்புக்கு அந்தப் பக்கம் சாய்ந்தால் கள் கடைக்குப் போகலாம், இந்தப் பக்கம் சாய்ந்தால் பதநீர்தான் இறக்க வேண்டும் என்று அவன் சொல்வான். கொஞ்சம் மிகைதான், ஆனால் பெரிய பொய் இல்லை.

பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் இருப்பது சுண்ணாம்பு மட்டும். பானையின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பாளையிலிருந்து சொட்டுவது நொதிக்காமல் பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையை ஆரம்பித்துவிடும். தொட்டி வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டாம், ஜெர்மன்காரர் வேண்டாம்.

அப்போதுதான் இறக்கி வந்த கள். பன்னாடையில் வடிகட்டும்போது ஒரு தேனீயும் நாலைந்து எறும்பும் தங்கின. பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றினால் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை, சர் என்று ஒரு மெல்லிய சத்தம். முதல் மடக்கு இனிப்பு, கூடவே லேசான புளிப்பு, தொண்டையில் ஒரு சுருக். வாசனையை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: அரைத்து வைத்து மறந்துபோன இட்லி மாவு. எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, வேகவைத்த முட்டையில் மிளகுப்பொடி தூவிச் சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "காலையில குடிச்சா மருந்து, சாயங்காலம் குடிச்சா வம்பு" என்றார். மருந்தோ என்னவோ, நேரம் ஆக ஆகப் புளிப்பும் போதையும் ஏறும் என்பது சரிதான். அவர் முன்னால் இருந்தது எத்தனையாவது ஜக் என்று நான் கேட்கவில்லை.

மே 18, சனி

கல்யாண நாளுக்கு ஒரு வாரம் தள்ளி ஒரு விருந்து. வீட்டுக்காரியோடு போனதால் இன்று தோரணை வேறு. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில், நடுவில் முற்றம் வைத்த பழைய வீட்டை உணவகமாக்கிய இடம். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, மேஜைக்கு மேஜை மெழுகுவத்தி. மெனு கார்டைப் படிக்கத்தான் வெளிச்சம் போதவில்லை, செல்போன் டார்ச் அடித்துப் படித்தோம்.

முதலில் மொஹிட்டோ. வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா, ஐந்தே பொருள். இதில் கெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். புதினாவை லேசாக நசுக்கி விட வேண்டும், வாசனை வந்தால் போதும். இவர்கள் சட்னி ஆக்கிவிட்டார்கள். ஸ்ட்ராவில் இலை அடைத்துக்கொண்டது, பல்லில் பச்சை, சர்க்கரை வேறு தூக்கல். வீட்டுக்காரி வாங்கிய நன்னாரி சோடா இதைவிட நூறு மடங்கு தேவலாம். அதில் பாதியை நான்தான் குடித்தேன்.

அப்புறம் துணிந்து நெக்ரோனி. ஜின், கம்பாரி என்கிற கசப்பு மது, வெர்மூத் என்கிற மூலிகை ஒயினில் இனிப்பு வகை, மூன்றும் சம அளவு, ஐஸோடு கலக்கி மேலே ஆரஞ்சுத் தோல். இது சரியாக வந்தது. மருதாணி ஊறின தண்ணீர் மாதிரி சிவப்பு. கசப்பு முதலில் வருகிறது, இனிப்பு பின்னால் வந்து சமாதானம் பேசுகிறது. "நிலவேம்புக் கஷாயத்துக்குக் காசு கொடுத்துக் குடிக்கிற ஆள நான் இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

ஆனால் இன்றைய கதை குடியில் இல்லை, சாப்பாட்டில். மெனுவில் 'வதுவான் வெண்ணெய் நண்டு' என்று ஒன்று. பரிமாறியவர் அது பிரெஞ்சு மசாலா என்று விளக்கினார். தட்டு வந்தது. நண்டு ஓட்டின் மேல் வெண்ணெய் உருகி வழிகிறது, அதில் கருகலும் பொன்னிறமுமாக ஏதோ பொடி ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இது வடகம்."

வடகமேதான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் காயவைப்பது. எங்கள் வீட்டு மாடியில் இந்த நிமிஷம் இரண்டு தட்டு காய்கிறது. நம் வடகம்தான் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து வதுவான் ஆகி, கப்பலேறிப் போய்ச் சமையல்காரர்களிடம் பெயர் வாங்கி, மெனு கார்டில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. "எங்கம்மா இதை சுரைக்காய்க் கூட்டுக்குத் தாளிக்கும். அதுக்கு யாரும் மெழுகுவத்தி ஏத்தினதில்ல" என்றாள். சொன்னாளே தவிர, நண்டில் ஒரு காலைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை. வெண்ணெயில் வடகம் அப்படி ஒரு சேர்த்தி.

ஜூன் 16, ஞாயிறு

தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வந்துவிட்டன. விடிகாலையில் முதுநகர் துறைமுகம். கூட்டம், சகதி, ஏலக் கூச்சல். சங்கரா ஒரு கிலோ, இறால் அரைக் கிலோ. வீட்டில் குழம்பும் வறுவலும். கிளாஸில் மோர். குறை ஒன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

நாளை போவதாக இருந்தது. போகவில்லை.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாவு எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டது. மெத்தனால் கலந்த சாராயம். ஜிப்மருக்கும் ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மெத்தனாலுக்கு நிறம் கிடையாது, குடிக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும்போது முதலில் கண்ணைத்தான் பிடிக்கும். அதற்கான மாற்று மருந்துகளில் ஒன்று நல்ல எத்தனால், அதாவது நான் கிளாஸில் வைத்து வாசனை பார்த்துக்கொண்டிருக்கிற அதே சரக்கு. இரவு செய்தியில் ஒரே தெருவில் வரிசையாகப் பாடைகளைக் காட்டினார்கள். வாழைப்பழ வாசனை, கிராம்பு வாசனை என்று நான் எழுதினதைத் திரும்பப் படித்தேன். அழிக்கவில்லை. இன்று மேலே எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 13, சனி

மூன்று வாரம் கழித்து எல்லையைத் தாண்டினேன். இந்த முறை பார் இல்லை, ஒரு வீடு. கூட வேலை செய்கிறவரின் அப்பா ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வயது 84. நாளை பிரான்சின் தேசிய நாள். இன்று இரவு பழைய ராணுவத்தார் காகித விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். அதற்கு முன் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள்.

பெரியவர் வெள்ளைச் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு தயாராக இருந்தார். "உட்காருங்க தம்பி" என்றவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். பஸ்திஸ். பேரன் பிரான்சின் மர்சே நகரத்திலிருந்து கொண்டுவந்ததாம். பிரான்சில் 1915ல் அப்சாந்த் என்ற பானத்தைத் தடை செய்தார்கள். அந்தச் சோம்புச் சுவைக்குப் பழகின நாக்குகளுக்காகப் பிற்பாடு வந்தது இது. மர்சேயில் போல் ரிக்கார் என்பவர் தன் பஸ்திஸைக் கொண்டுவந்தது 1932ல்.

கிளாஸின் அடியில் தேன் நிறத்தில் ஒரு விரற்கடை ஊற்றினார். நான் உதவி செய்வதாக நினைத்து ஐஸ் எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

"முதல்ல ஐஸ் போட்டா கெட்டுப்போச்சு. முதல்ல தண்ணி."

கூஜாவிலிருந்து நூல் போலத் தண்ணீர் விட்டார், ஒரு பங்குக்கு ஐந்து பங்கு. தெளிவாக இருந்த தேன் நிறத்துக்குள் ஒரு வெண்புகை கிளம்பி, சுழன்று, கண்மூடித் திறப்பதற்குள் கிளாஸ் முழுக்கப் பால். சோம்பின் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடினதும் பிரிந்து பொடித்துளியாக மிதக்கும். டெட்டால் தண்ணீரில் வெளுக்கிற அதே சங்கதி. எடுத்த எடுப்பில் ஐஸைப் போட்டால் அந்த எண்ணெய் குளிரில் உறைந்து படிகமாகிவிடும். அதனால்தான் கையில் அடி.

"சாந்தே!" என்றார், பிரெஞ்சில் சியர்ஸ். நானும் "சாந்தே" என்றேன். சோம்பு, அன்னாசிப்பூ, அதிமதுரம், மூன்றும் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. மூன்றையும் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். இப்படி ஒரே கிளாஸில் சந்தித்ததில்லை.

அந்த வீட்டு அம்மா சமைத்தது மீனும் இறாலும் தக்காளியும் மஞ்சளும் சேர்ந்த தண்ணியான ஒரு குழம்பு. புய்யாபேஸ் என்றார்கள். மேலே மொறுமொறு நீள ரொட்டி, கிழித்துத் தோய்த்துச் சாப்பிட. பெரியவர் பேச்சு ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் ஆரம்பித்து ஒட்டகக் கறி வழியாக மர்சே துறைமுகம் வரை போய், திரும்ப முத்தியால்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. எனக்கு இரண்டாவது கிளாஸ் ஊற்றவில்லை. தனக்கும் ஊற்றிக்கொள்ளவில்லை. "நடக்கணும்ல" என்றார்.

ஊர்வலத்தில் அவருக்கு ஒரு நீலக் காகித விளக்கு. கடற்கரைக் காற்றில் மெழுகுவத்தி இரண்டு முறை அணைந்தது. இரண்டு முறையும் என் தீப்பெட்டிதான்.

மரப்பாலத்தில் பஸ் ஏறி வீடு சேரப் பத்தரை. வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"பிரியாணிக்கா போனீங்க? சோம்பு வாசனை தூக்குது."

"பிரியாணி இல்ல, பிரான்ஸ் சரக்கு. சோம்பு, அன்னாசிப்பூ, அதிமதுரம்."

"மூணும் நம்ம நாட்டு மருந்துக் கடையிலயே இருக்கே" என்று உள்ளே போனவள், சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "நாளைக்கு வரும்போது நூறு கிராம் சோம்பு வாங்கியாங்க. தீர்ந்துபோச்சு."