இடது மேலே, வலது உள்ளே: பிள்ளையின் ஜூடோ, கராத்தே உடுப்பும் பெல்ட் நிறங்களும்

புது நாட்டில் பிள்ளையை வகுப்பில் சேர்த்தவுடன் வரும் முதல் குழப்பம் உடுப்புத்தான். பயிற்றுநர் அந்த நாட்டு மொழியில் வேகமாகச் சொல்வது பாதிதான் விளங்கும். மற்றப் பிள்ளைகளோ ஏற்கெனவே கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வாங்கும்போது எந்தக் கலைக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஜூடோ மேற்சட்டை தடித்த நெசவு, பிடித்து இழுப்பதற்கென்றே செய்தது. கராத்தேச் சட்டை மெல்லியது. அதை ஜூடோவுக்குப் போட்டால் தையல் கிழியும். டேக்வாண்டோவில் பெரும்பாலும் தலைவழியாகப் போடும் V கழுத்துச் சட்டை. அளவு வயதில் அல்ல, உயரத்தில், 10 செ.மீ. படிகளில் வரும். 124 செ.மீ. பிள்ளைக்கு 130 போதும். வளரும் பிள்ளை என்று 150 வாங்கி கையை மடித்துவிட்டால், ஜூடோவில் அந்த மடிப்புக்குள் எதிராளியின் விரல் சிக்கும். பருத்தி முதல் சில கழுவல்களில் சுருங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 30 பாகையில் கழுவி, உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல் கொடியில் காயவிடுங்கள். நிற பெல்ட்டை வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவிட்டால் சாயம் ஏறும்.

காற்சட்டையில் முழங்கால் தடிப்புத் துணியும் நாடா வளையமும் முன்பக்கம். சட்டையை ஆணோ பெண்ணோ இடது பக்கம் வலதுக்கு மேலாக வரும்படி மூட வேண்டும். மாறி மூடுவது ஜப்பானில் இறந்தவருக்கு உடுத்தும் முறை. அதனால்தான் பயிற்றுநர் உடனே திருத்துவார். ஜூடோவில் பெண் பிள்ளைகள் உள்ளே வெள்ளை ரீ-சேட் போடுவார்கள். தோடு, சங்கிலி, காப்பு எல்லாம் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. நகமும் வெட்டியிருக்க வேண்டும்.

பெல்ட்டின் நடுவை தொப்புளுக்குக் கீழே வைத்து, இரு முனைகளையும் முதுகுப்பக்கம் குறுக்கே மாற்றி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மேலே கிடக்கும் முனையை இரண்டு சுற்றுக்கும் அடியால், கீழிருந்து மேலாக இழுங்கள். இனித்தான் பிழை வரும் இடம்: மேலே வந்த அதே முனை மற்றதன் மேலாகக் குறுக்கே போய், அதைச் சுற்றி வளையத்துக்குள் நுழைய வேண்டும். அடியால் போனால் முனைகள் மேலும் கீழுமாக நிற்கும், முடிச்சு ஐந்து நிமிடத்தில் அவிழும். சரியான முடிச்சு தட்டையாக இருக்கும், இரு முனைகளும் சம நீளத்தில் பக்கவாட்டில் தொங்கும்.

நிறங்களுக்கு வருவோம். ஜூடோவைத் தொடங்கிய ஜிகொரோ கானோ 1883இல் முதன்முதலாக 'டான்' தரம், அதாவது இன்று கறுப்பு பெல்ட்டுக்குரிய மேல்நிலைத் தரம், கொடுத்தார். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய கிச்சின் ஃபுனாகோஷி 1924இல் அதைப் பின்பற்றினார். ஆனால் பல நிற பெல்ட்டுகள் பெருகியது ஐரோப்பாவில். 1930களில் பாரிசில் ஜூடோ கற்பித்த மிக்கினோசுக்கே கவாயிஷி அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கறுப்புக்கு முந்திய 'கியூ' எண்கள் இறங்கிவரும்: முதலாவது கியூதான் கறுப்புக்கு மிகக் கிட்ட. 'டான்' எண்களோ ஏறிப்போகும். முதலாம் டான் என்பது அடிப்படைகள் கைவந்தவர் என்ற அளவுதான். அதைக் கரைகண்ட குருவாக எண்ணுவது சினிமா பார்த்து வந்த பழக்கம்.

ஜூடோவில் வழக்கமான வரிசை வெள்ளை, மஞ்சள், செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம், கறுப்பு. சிறு பிள்ளைகளுக்கு இடையில் இருநிற பெல்ட்டுகளும் உண்டு. பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்கு வெள்ளைக்கு அடுத்ததே நீலம். கராத்தேயில் பாணிக்குப் பாணி வரிசை மாறும். ஆகவே சொந்தக்காரப் பிள்ளை வேறு கழகத்தில் பச்சை எடுத்துவிட்டான் என்று வீட்டில் ஒப்பிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை.

வீடோ நாடோ மாறுவதானால் தரச் சான்றிதழையும் தரப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச்செல்லுங்கள். சங்கத்தின் பெயர், தேர்வுத் திகதி, கியூ எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பெல்ட்டை மட்டும் காட்டினால் பல கழகங்கள் ஏற்காது. சிலர் மறுதேர்வு வைப்பார்கள், சிலர் வெள்ளையிலிருந்தே தொடங்கச் சொல்வார்கள். முதல் நாள் எந்த பெல்ட்டோடு வருவது என்பதை முன்கூட்டியே பயிற்றுநரிடம் கேளுங்கள்.