எஞ்சிய ஒரு முட்டை

மே 25, 2025

கோடை விடுமுறையின் கடைசி வாரம் இது. இன்றிரவு என் ஆறு வயது மகளுக்கு ‘ஃபைண்டிங் நீமோ’ அனிமேஷன் படத்தைப் போட்டுக் காட்டினேன். கல்லூரி விடுதியில் நண்பர்களோடு பார்த்த நாளில், அது காணாமல் போன ஒரு குஞ்சு மீனின் கதையாகத்தான் என் மனத்தில் பதிந்திருந்தது. இன்றோ தொடக்கக் காட்சியிலேயே அது ஒரு தந்தையின் கதையாகிவிட்டது.

பவளத்திட்டின் விளிம்பில் புதிதாகக் குடியேறிய கோமாளி மீன் தம்பதி மார்லினும் கோரலும், பொரியக் காத்திருக்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளைப் பார்த்துப் பூரித்து நிற்கிறார்கள். பாதிக்குத் தன் பெயரையும் மீதிக்கு அவள் பெயரையும் வைத்துவிடலாம் என்கிறான் அவன். தனக்கு நீமோ என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது என்கிறாள் அவள். சரி, ஒன்றுக்கு மட்டும் அப்படி வைப்போம் என்று அவன் விளையாட்டாக இறங்கி வருகிறான். சற்று நேரத்தில் சீலா மீன் பாய்கிறது. மயக்கம் தெளிந்து இருளில் தேடுகிறவனுக்குக் கிடைப்பது, மேலே கீறல் விழுந்த ஒரே ஒரு முட்டை. அதை இரு துடுப்புகளுக்கு நடுவே ஏந்தி, அவள் விரும்பிய அந்தப் பெயரைச் சூட்டுகிறான். என் மகள் தன் உள்ளங்கைகளைக் கிண்ணம்போலக் குவித்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி முடியும்வரை பிரிக்கவே இல்லை.

மே 27, 2025

இரண்டு நாளாக அந்த முட்டையே நினைவில் நிற்கிறது. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன், கோரலின் மரணத்தை முதலில் படம் நெடுகத் துண்டு துண்டான நினைவுகளாகவே சொல்ல எண்ணியிருந்தார்; அப்படிச் சொன்னபோது மார்லின் காரணமின்றிப் பயந்து சாகும் நச்சரிப்புக்காரனாகத் தெரிந்ததால், அந்தக் காட்சி முழுவதையும் முகப்புக்கு நகர்த்தினார். படம் வாழ்வதே இந்த ஒரு முடிவினால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதன் பிறகு அவன் எத்தனை முறை ‘வேண்டாம், போகாதே’ என்றாலும் நமக்கு எரிச்சல் வருவதில்லை. அந்தக் கீறல் விழுந்த முட்டைதான் கண்ணுக்கு முன் வந்து நிற்கிறது.

ஸ்டான்டன் தம் சிறு மகனைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்ற ஒரு நாள் முழுவதும் அதைத் தொடாதே, இதைச் செய்யாதே என்று சொல்லியே கழிந்ததாம். நல்ல தந்தையாக இருக்க விடாமல் அச்சம் தம்மைத் தடுக்கிறதே என்ற அந்த உறுத்தலிலிருந்துதான் இந்தக் கதை முளைத்தது.

மே 30, 2025

அமெரிக்காவில் இப்படம் வெளியானது 2003-ஆம் ஆண்டு இதே நாளில். அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் விருதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தத் தண்ணீர். மேலிருந்து சாய்ந்து இறங்கும் ஒளிக்கற்றைகள், மணல்மீது நெளியும் வெளிச்ச வலை, எங்கும் மிதக்கும் நுண்துகள்கள், தொலைவு கூடக்கூடப் பொருள்களை விழுங்கும் மங்கல், எல்லாவற்றையும் மெல்ல ஆட்டும் நீரோட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்து படத்தை எடுத்த பிக்சார் நிறுவனத்தின் குழு கணினியில் உருவாக்கியது. மீன்களைப் பற்றி அவர்களுக்குப் பாடம் எடுத்தவர் ஆடம் சம்மர்ஸ் என்ற மீனியல் அறிஞர். குளிர்ந்த நீரில் மட்டுமே வளரும் கெல்ப் என்ற பெரும்பாசி பவளத்திட்டில் இருக்க முடியாது என்று அவர் சொன்னதும், அதைக் காட்சிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். எத்தனை குழந்தைகள் கவனித்திருப்பார்கள்? ஆனாலும் நீக்கினார்கள், அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உண்மைக் கடலிலும் முட்டைகளுக்குக் காவல் நின்று, துடுப்பால் நீரை விசிறிக் காப்பது பெரும்பாலும் ஆண் கோமாளி மீன்தான்.

ஜூன் 1, 2025

மகளின் வற்புறுத்தலால் இரண்டாம் முறை பார்த்தோம். நீமோவைத் தேடும் மார்லினுக்குத் துணை வரும், எல்லாவற்றையும் மறக்கும் மீன் டோரி, அவனைக் கொண்டுபோன இடமான சிட்னி முகவரியை மட்டும் விடாமல் ஒப்பிக்கும்போதெல்லாம் அவளும் சேர்ந்து ஒப்பித்தாள். நான் காத்திருந்தது திமிங்கலத்தின் வாய்க்குள் நடக்கும் உரையாடலுக்காக. மகனுக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று வாக்களித்திருந்தேனே என்று மார்லின் உடைந்து போகிறான். அதென்ன விசித்திரமான வாக்கு, எதுவுமே நேராவிட்டால் அவனுக்கு வாழ்வில் எதுவுமே நடக்காதே என்று டோரி வெகுளியாகக் கேட்கிறாள்.

அந்தக் கேள்விக்கு அவன் விடை சொல்வது இறுதியில்தான். மீன்பிடி வலைக்குள் சிக்கிய டோரியையும் மற்ற மீன்களையும் காப்பாற்றத் தான் உள்ளே போக வேண்டும் என்று நீமோ சொல்கிறான். இவ்வளவு கடலைக் கடந்து மீட்ட மகனை, அவன் துடுப்பைப் பற்றியிருந்த தந்தை தானே விடுகிறான். அங்கே நான் மகளின் பக்கம் பார்க்கவில்லை; என் கண்கள் நிறைந்திருந்தன.

ஜூன் 2, 2025

இன்று பள்ளி திறந்தது, ஒன்றாம் வகுப்பு. முதல் நாள் பள்ளிக்குக் கிளம்பும் நீமோவை, ஆபத்து இல்லையா என்று பார்ப்பதற்காக மார்லின் அவர்கள் வீடான கடல் சாமந்திக்கு வெளியே அழைத்து வந்து, மீண்டும் உள்ளே கூட்டிப்போய், திரும்பவும் வெளியே கொண்டுவருவான். என் மகள் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தாள், உள்ளே ஓடினாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே ஓடினாள். நான் அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாம் முறை வெளியே வந்தவள் கையை நீட்டி, “பையைக் குடுங்கப்பா” என்றாள்.