கவுண்டர் ஓரத்துக் கதிரை

கொடுப்பனவு நாள் என்றால் எங்கள் உப தபாலகத்து வாசலில் காலை ஏழு மணிக்கே குடைகளும் ஊன்றுகோல்களும் வரிசை பிடித்திருக்கும். திருகோணமலை நகரத்தை ஒட்டிய சின்னத் தபாலகம் அது. முதியோர் கொடுப்பனவு, ஓய்வூதியம், ஊரார் இன்றும் பிச்சைச் சம்பளம் என்று சொல்கிற பொதுசன உதவிப் பணம் எல்லாம் பல வருடங்கள் என் கையால்தான் போயின. கம்பிக்கு உள்ளே இருப்பவருக்கு ஆட்களின் முகத்தைவிடக் கைதான் நன்றாகத் தெரியும். யார் பேனையை எப்படிப் பிடிப்பார், யாருடைய கையொப்பம் கட்டத்தைத் தாண்டும், யாருக்கு மை தடவிய பெருவிரலைத் துடைக்கத் துணி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்தக் கைகளில் ஒன்று, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது. தமிழ் படிப்பித்தவர். ஊர் முழுக்க அவருக்கு சேர் என்றுதான் பெயர். முதலெழுத்தில் ஒரு சுழி, பெயருக்குக் கீழே நீளமாக ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அதுதான் அவருடைய கையொப்பம். ஒரு மாதம் புள்ளிகள் இல்லை. நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம் கோடும் போனது. ஒருநாள் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மிச்சத்தையும் எழுதுங்கோ சேர்” என்றேன். எழுதினார். கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நாள் தவறி வரத் தொடங்கினார். பணம் எடுத்த மறுநாளும் வருவார். “காசு வந்திட்டுதோ பிள்ளை?” நேற்று எடுத்தீர்கள் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. ஒரு கொடுப்பனவு நாளில், வரிசை வீதிவரை நிற்கும்போது, மூன்றாவது தடவையாக வந்து கேட்டார். “எத்தினை தரம் சொல்லுறது சேர், நேற்றும் சொன்னனான்தானே!” என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போனார். குடை அவருடையது அல்ல. அதை அவரிடம் வாங்கிக் கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் அவர் வரவில்லை. மூன்றாம் மாதம் மகள் வந்து சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்கள், அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இந்த நோய்க்குப் பெயர் தந்த அலோயிஸ் அல்சைமர் ஜெர்மனி மருத்துவர். 1901 நவம்பரில் பிராங்க்பேர்ட் ஆஸ்பத்திரியில் 51 வயதான ஒரு பெண்ணைப் பரிசோதித்தார். பெயரை எழுதச் சொன்னார். அந்த அம்மா “திருமதி” என்ற அளவில் எழுதிவிட்டு நின்றுவிட்டார், மிச்சத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நூறு வருடத்துக்கு மேல் கழித்து, “மிச்சத்தையும் எழுதுங்கோ” என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்த மருத்துவர் அதைக் குறித்து வைத்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எங்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது, அறளை. “கிழவனுக்கு அறளை பேந்திட்டுது” என்போம். அந்தச் சொல்லைச் சொன்னதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு போன்றவையும் இதே மாதிரி மறதியைக் கொண்டுவரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அல்சைமருக்குத்தான் முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. எது என்று பார்த்தால்தானே தெரியும்? ஆனால் மனநலக் கிளினிக் என்றதும் “எங்கட அப்பாவுக்கு என்ன விசரா?” என்று கோபிக்கிற பிள்ளைகளை நானே கண்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்ஷியாவோடு, அதாவது நினைவும் சிந்தனையும் தேய்கிற நோய்களோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 வீதம் பேருக்கு அல்சைமர். ஆண்டுக்கு ஒரு கோடி அளவில் புதிதாகச் சேர்கிறார்கள், நோயோடு வாழ்பவர்களில் பெரும்பகுதி நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயது தாண்டியவர்கள் 100 பேருக்கு 12 பேர். வரிசை நீள்வதைக் காண எனக்குப் புள்ளிவிபரம் தேவைப்படவில்லை.

இந்த நோய் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. புதியதை வாங்கி வைக்கிற இடம் அது. அதனால் நேற்றையது போய்விடும், ஐம்பது வருடத்துக்கு முந்தியது நிற்கும். எங்கள் மாவட்டத்தில் அந்த ஐம்பது வருடத்துக்குள் என்னென்ன நடந்திருக்கிறது! கிண்ணியாப் பாலம் திறந்தது 2009 இல். அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு மூத்தம்மா, பின்னேரமானால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பிவிடுவா. கடைசிப் பாதை போய்விடுமாம். பாலம் இருக்குது உம்மா, எந்த நேரமும் போகலாம் என்று மகன் சொல்வார். எந்தப் பாலம் என்று கேட்பா.

எங்கள் மாவட்டத்துச் சம்பூர் ஊரின் கதை இன்னும் கனமானது. 2006 இல் போரால் இடம்பெயர்ந்து, முகாம்களில் கிடந்து, பத்து வருடம் அளவில் கழிந்துதான் சனம் திரும்பிக் குடியேறியது. அப்படித் திரும்பி வந்த ஒரு அம்மா தன் காணியில், தன் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு “வீட்டை போவம், வீட்டை போவம்” என்று அழுகிறா. இதுதான் அம்மா வீடு என்று சொன்னால் நம்ப மாட்டா. அவ தேடுகிற வீடு 2006 க்கு முந்தியது. அதன் கூரையும் இல்லை, முற்றத்து மாமரமும் இல்லை. அவவின் மருமகள் இதை எனக்குச் சொன்னபோது நான் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு குத்தாமல் இருந்தேன்.

நோயாளியைப் பராமரிப்பவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேருக்கு நான்கு பிள்ளைகள். மூவர் கனடாவிலும் லண்டனிலும். மணமாகாத மூத்த மகள்தான் இங்கே. இரவில் கதவுக்கு இரண்டு பூட்டு, அடுப்புக்குக் காவல், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழும்பி வந்து “நீ யார் பிள்ளை?” என்று கேட்கிற அப்பா. வேலையை விட்டுவிட்டா. கோணேசர் கோயிலுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றா. கோயில் இருக்கிற சுவாமிமலை இங்கிருந்து எவ்வளவு தூரம்? மூன்று சக்கர வண்டியில் கால் மணித்தியாலம். அந்தக் கால் மணித்தியாலத்துக்கு அவரை ஒப்படைக்க ஆள் இல்லை.

தடுக்க வழியே இல்லை என்பதும் சரியல்ல. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொன்னது. சிறுவயதில் கல்வி கிடைக்காமை, இரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, பார்வைக் குறைவைக் கவனிக்காமல் விடுதல், தனிமை எல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும் கவனித்தால் கிட்டத்தட்டப் பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம். கம்பியில் காதை வைத்துக் கேட்கிற கடற்தொழிலாளி ஐயாக்களைக் கண்டால் இப்போது, காது பரிசோதிக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

தபாலகத்தில் என்னால் முடிந்தது கொஞ்சம்தான். கவுண்டர் ஓரத்தில், வரிசைக்கு வெளியே ஒரு கதிரை போட்டேன். தடுமாறுகிறவர்கள் அதில் இருக்கலாம், நான் எழும்பிப் போய் அவர்களிடம் கையொப்பம் வாங்குவேன். “ஞாபகம் இல்லையா?” என்று யாரிடமும் கேட்பதில்லை. சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, அன்றைய கிழமையையும் திகதியையும் பெரிதாக எழுதி வைக்கிறேன்.

போன மாசியில் மகள் சேரைக் கூட்டிக்கொண்டு வந்தா. இப்போது அவர் கைநாட்டுத்தான். கதிரையில் இருந்தார். என்னைத் தெரியவில்லை. அன்று சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க நெடுநாள் நினைத்திருந்தேன். கேட்டேன். புரியாமல் சிரித்தார். பிறகு எழும்பி, கரும்பலகைக்குக் கிட்டப் போய், “இன்று செவ்வாய்கிழமை” என்று நான் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“இங்கை ஒரு க் வரவேணும்” என்றார்.

சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். ய்க்கும் கிக்கும் இடையில் இடம் போதவில்லை. மேலே, நடுங்கின கோட்டோடு, ஒரு க் போட்டார். புள்ளியையும் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “காசு வந்திட்டுதோ பிள்ளை?” என்றார்.

“வந்திட்டுது சேர்” என்றேன்.