அரை கிலோமீட்டர் தானே

போன ஆடி மாசம் கூழ் ஊத்தறதுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஊருன்னா அச்சரப்பாக்கம் தாண்டி உள்ள போகணும். குரோம்பேட்டைல பஸ் ஏறினதுல இருந்து ஜிஎஸ்டி ரோடு (சென்னைல இருந்து தெக்க போற ஹைவே) முழுக்க எவன் எப்ப குறுக்க வருவானோன்னு வயித்துல புளியக் கரைச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன், ஊருக்குள்ள திரும்பினதும் தான் அப்பாடான்னு இருக்கும். அங்க எல்லாருக்குமே அப்படித்தான் போல, ஹெல்மெட்ட டேங்க் மேல வெச்சுக்கிட்டே வந்து ஹைவே ஏர்ற எடத்துல தான் மாட்டுவாங்க, திரும்பி வரும்போது அதே எடத்துல கழட்டுவாங்க, என்னமோ எல்லை அம்மன் கோயில் தாண்டற மாதிரி.

வீட்ல இருந்து கோயிலுக்கு அரை கிலோமீட்டர் கூட இருக்காது. தம்பி பைக்ல டேங்க் மேல சின்னவன், பின்னாடி அஞ்சு வயசு பாப்பா, அவளுக்குப் பின்னாடி தம்பி பொண்டாட்டி, கைல கூழ் தூக்குவாளி. பக்கத்துல தானே நடந்தே போலாம்னு நான் சொன்னேனான்னா சத்தியமா சொல்லல, தூக்குவாளிய எடுத்துக் குடுத்து ஏத்தி விட்டதே நான் தான்.

தெரு முனை தாண்டல, பாப்பா அலற்ற சத்தம். இடது கால் பின் வீல் ஸ்போக்ஸுக்குள்ள மாட்டியிருக்கு. அந்த வயசுக்கு கால் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டாது, தொங்கிக்கிட்டே தான் வரும், வேடிக்கை பாத்துக்கிட்டு கொஞ்சம் உள்ள மடக்கினா போதும், வீல் இழுத்துட்டுப் போய் வண்டியோட ஃப்ரேமுக்கும் கம்பிக்கும் நடுவுல வெச்சு நசுக்கிடும். வண்டி 20ல கூட போகலங்க. ஆளாளுக்கு ஓடி வந்து ஒருத்தர் வீல பின்னாடி உருட்டுன்றார், இன்னொருத்தர் கால இழுன்றார், நல்லவேளை சைக்கிள் கடை தாத்தா "எவனும் கை வெக்காதீங்கடா"ன்னு ஒரு அதட்டு போட்டுட்டு கட்டிங் பிளேயரோட வந்து மூணு கம்பிய நறுக்கி கால வெளிய எடுத்தார். செருப்பு வார் அறுந்து போய் குதிகால் பின்பக்கம் தோல் டப்பா மூடி மாதிரி தொறந்து கெடக்கு. அதுக்குள்ள பக்கத்து வீட்டு ஆயா கை நெறைய காபித்தூளோட நிக்கறாங்க, ரத்தம் நிக்குமாம். (அவங்க மேல கோவப்பட முடியல, பாசத்துல தான் ஓடி வந்தாங்க, ஆனா அந்தத் தூள புண்ணுக்குள்ள இருந்து கழுவி எடுக்கறதுக்குள்ள புள்ள உசுரு போயிடும், கிருமி வேற சேரும்.) குழாய்த் தண்ணிய நல்லா ஓட விட்டு கழுவி, தொவச்ச வேட்டிய மடிச்சு வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எக்ஸ்ரேல எலும்பு உடையல. தையல் போட்டாங்க, நாங்க சாமிக்கு நன்றி சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டோம். டாக்டர் மட்டும் சிரிக்கவே இல்ல, நாலஞ்சு நாள் போகட்டும்மா அப்புறம் தான் சொல்ல முடியும்னார். குதிகால் பின்னாடி தோலுக்கு அடியில சதையே கெடையாது, நசுங்கின தோல் மொதல்ல நல்லா இருக்கற மாதிரியே இருந்துட்டு அப்புறமா செத்துப் போகுமாம். அஞ்சாம் நாள் கட்டு பிரிச்சா கருப்பா இருந்துச்சு. கடைசில தொடைல இருந்து தோல் எடுத்து ஒட்டினாங்க, ரெண்டு மாசம் ஸ்கூல் கெடையாது. அதே வார்டுல இன்னும் ரெண்டு பசங்க, அதே குதிகால், அதே பைக் கதை. எங்க மாமனார் கேட்டுட்டு கண்ணு பட்டுடுச்சுன்னார். கண்ணு இல்ல மாமா, வண்டில சாரி கார்டு இல்ல.

ஆமா, சாரி கார்டு தான். மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123ன்னு ஒண்ணு இருக்கு, பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் வீல பாதியாவது மறைக்கற மாதிரி ஒரு தடுப்பு (அதான் இந்த சாரி கார்டு), இதெல்லாம் வண்டில இருந்தே ஆகணும். வண்டியோட குடுக்கத்தான் குடுக்கறான், நம்ம பசங்க தான் லுக் போயிடும்னு மாட்டாம விடறாங்க, இல்லன்னா கழட்டி வீசறாங்க. அதுலயும் வெறும் கம்பி வெச்ச கார்டுன்னா சின்னக் கால் இடைவெளில புகுந்துடும், உள்பக்கமா ஒரு ஷீட் வெச்சு அடைச்சுக்கறது நல்லது. இதுக்கு எந்த மெக்கானிக்கும் பெருசா ஒண்ணும் கேக்க மாட்டார்.

2012ல முடிச்சூர்ல ஸ்கூல் பஸ் தரைல இருந்த ஓட்டை வழியா ரெண்டாங்கிளாஸ் பொண்ணு விழுந்து செத்துச்சே, தாம்பரம் பக்கம் இருக்கறவங்க யாரும் மறந்திருக்க முடியாது, அதுக்கப்புறம் தான் தமிழ்நாட்ல ஸ்கூல் வண்டிங்களுக்குன்னே தனியா ரூல்ஸ் போட்டாங்க, இப்பவும் ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி பஸ்ஸ எல்லாம் மைதானத்துல வரிசையா நிக்க வெச்சு தரைய தட்டிப் பாக்கறாங்க. அப்பா பைக்க யார் தட்டிப் பாக்கறது? சட்டம் இல்லாம இல்ல. வண்டி ஓட்டறவரோட இன்னும் ஒருத்தர் தான் போகலாம், நாலு வயசுக்கு மேலன்னா ஹெல்மெட் கட்டாயம், நாலு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு ஓட்டறவரோட சேத்துக் கட்டற பெல்ட், ஒன்பது மாசம் ஆயிட்டா அதுக்கும் ஹெல்மெட், அந்தக் குழந்தையோட போற வண்டி 40க்கு மேல போகக் கூடாது, இந்தச் சின்னக் குழந்தை விதி மட்டும் 2022ல போட்டு அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. எங்க தெருவுல நான் கேட்ட ஒருத்தருக்கும் தெரியல. 40ங்கறது சும்மா இல்ல, கணக்கு போட்டுப் பாத்தேன், அந்த வேகத்துல போய் மோதினா ரெண்டு மாடி ஒசரத்துல இருந்து கீழ விழற மாதிரி. ஊருக்குள்ள இப்ப ரோடு வழவழன்னு போட்டுட்டாங்க, பசங்க 60ல போறாங்க, அது நாலு மாடிக்கு மேல.

இன்னொண்ணு, நெறைய பேர் செலவுக்குப் பயந்து கட்டுப்போடறவர் கிட்ட போயிடறாங்க. 2021 டிசம்பர்ல நம்ம மேல்மருவத்தூர்ல தான் இன்னுயிர் காப்போம் திட்டத்த ஆரம்பிச்சாங்க, ரோடு ஆக்சிடெண்ட்னா அதுல சேந்த ஆஸ்பத்திரிங்கள்ல மொத 48 மணி நேரம் பணம் கேக்கக் கூடாது, தனியார்லயும் தான். 108க்குப் போன் பண்ணி இதையும் கேட்டுக்கோங்க.

பாப்பா இப்ப நடக்கறா, ஷூ போட்டா மட்டும் பின்னாடி உரசுதுன்றா. பொங்கலுக்குப் போனப்ப தம்பி பரண் மேல ஏறி எதையோ தேடிக்கிட்டு இருந்தான், பழைய அண்டாவுக்குப் பின்னாடி இருந்து அந்த சாரி கார்ட எடுத்தான், ஷோரூம்ல குடுத்த பிளாஸ்டிக் கவர் கூடப் பிரிக்கல. "இது எப்பப்பா வாங்கின?"ன்னு பாப்பா கேட்டா. ஸ்பேனர் எங்கக்கா வெச்சேன்னு என்னைப் பாத்துக் கேட்டுக்கிட்டே வெளிய போயிட்டான்.