டிஜிட்டல் பியானோவில் முதலில் டச் அமைப்பைப் பாருங்கள்

டிஜிட்டல் பியானோ வீட்டுக்கு வந்த முதல் நாள் நாம் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். வாய்ஸ் பட்டனை அழுத்தி அழுத்தி கிராண்ட் பியானோ, எலக்ட்ரிக் பியானோ, ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ் என்று ஒரு சுற்று வருவது. எனக்கு ஒரு வாரம் அதிலேயே போனது. தொடும் விதத்துக்கு எவ்வளவு சத்தம் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் டச் என்று ஒரு அமைப்பு இருப்பதே தெரிய எட்டு மாதம் ஆனது, அந்த எட்டு மாதத்தில் விரலில் ஏறிய பழக்கத்தை மாற்ற அதைவிட அதிக நாள் பிடித்தது. புதிதாக வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த நாட்கள் அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

நடந்தது இதுதான். என் பியானோவில் திரை கிடையாது. ஃபங்ஷன் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு அமைப்பு மாறும். வாய்ஸ் தேடிக்கொண்டிருந்த நாட்களில் எப்போதோ டச் 'சாஃப்ட்' நிலைக்குப் போயிருக்கிறது. அந்த நிலையில் லேசாகத் தொட்டாலே நிறைந்த சத்தம் வரும், வாசிப்பது சுலபமாக இருக்கும், கை நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். பிறகு ஒரு நாள் நிஜமான அகூஸ்டிக் பியானோவில் உட்கார்ந்து, மனப்பாடமாகத் தெரிந்த அதே பாடத்தை வாசித்தேன். இடது கை பாதி இடங்களில் கேட்கவே இல்லை. சில கட்டைகள் அடிவரை இறங்கின, சத்தம் மட்டும் வரவில்லை. நான் அழுத்திய வேகம் சுத்தியலைக் கம்பி வரை கொண்டுபோகப் போதவில்லை.

வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாம் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது டிஜிட்டல் பியானோவுக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, சில மாடல்களில் மூன்று. கட்டை இறங்கும்போது முதல் சென்சாருக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கிறது, அவ்வளவுதான். நேரம் குறைந்தால் வேகம் அதிகம் என்று கணக்கு. அந்த வேகம், மின்னணு இசைக்கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மிடி மொழியில் 1 முதல் 127 வரை ஒரு எண்ணாகிறது, அந்த எண்ணைப் பொறுத்துத்தான் சத்தத்தின் அளவும், பல பியானோக்களில் ஒலியின் நிறமும் மாறுகின்றன. டச் அமைப்பு கட்டையின் கனத்தை மாற்றுவதில்லை. 'ஹார்ட்' என்று வைத்தால் கட்டை கனமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எந்த வேகத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அந்த உறவுதான் மாறுகிறது. 'ஹார்ட்' நிலையில் முழுச் சத்தம் வர வேகமாக அடித்தாக வேண்டும். 'ஃபிக்ஸ்ட்' என்று ஒன்று இருக்கும், அதில் எப்படித் தொட்டாலும் ஒரே அளவு சத்தம்தான், அதைப் பியானோ பழகப் பயன்படுத்தவே கூடாது.

உங்கள் கைக்கு எது சரி என்று பார்க்க நான் செய்யும் சோதனையைச் சொல்கிறேன். நடுவில் ஒரே கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்தும் வராததுமாக ஒரு தடவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசியில் நல்ல பலத்தோடு, மொத்தம் எட்டுத் தடவை. எட்டும் எட்டு விதமாகக் கேட்க வேண்டும். நாலாவதிலேயே உச்சம் வந்து அதற்கு மேல் ஏறவில்லை என்றால் டச் உங்களுக்கு மிகவும் லேசாக இருக்கிறது. கடைசி வரை மங்கலாகவே இருந்தால் கனமாக இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நடுவில் இருக்கும் 'மீடியம்' போதும். ஒன்று மட்டும் கவனம், இந்தச் சோதனையை வால்யூமை ஏற்றிவைத்துச் செய்யுங்கள்.

ஏனென்றால் வால்யூமும் டச்சும் ஒன்றையொன்று ஏமாற்றும். அக்கம்பக்கத்தில் தூங்குகிறார்களே என்று வால்யூமைக் கால்வாசியில் வைத்து வாசித்தால், காது இன்னும் சத்தம் வேண்டும் என்று ஏங்கும், விரல் அதற்காக அடிக்க ஆரம்பிக்கும், ஒரு மாதத்தில் அதுவே பழகிவிடும். ஹெட்ஃபோன் போட்டு அதிகமாக வைத்தாலோ நேர் எதிர், விரல் பயந்து பயந்து தடவும். நிஜப் பியானோவில் வால்யூம் குமிழ் கிடையாது, அங்கே விரல்தான் குமிழ். அதனால் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, குமிழின் பக்கத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டு, தினமும் அங்கேயே வைத்து வாசிக்கிறேன்.

அடுத்தது ரிவர்ப். பெரிய அரங்கில் வாசிப்பது போல ஒரு மினுக்கு வரும், வாங்கும்போதே அது ஓரளவு ஏற்றிவைக்கப்பட்டிருக்கும். கேட்க இனிமைதான். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது விரலை முன்னதாக எடுத்துவிட்டால் விழும் இடைவெளியை ரிவர்ப் நிரப்பிவிடும், தவறு காதுக்குத் தெரியாது. பயிற்சியின்போது நான் அதைச் சுத்தமாக அணைத்துவிடுகிறேன். முதல் இரண்டு நாள் ஒலி வறண்டுபோனது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் உங்கள் லெகாட்டோ, அதாவது ஸ்வரங்களை இடைவெளி விடாமல் கோப்பது, உண்மையில் எப்படி இருக்கிறது என்று கேட்கும்.

மிதித்தால் ஸ்வரங்களை நீளவைக்கும் பெடல் பற்றி ஒரு விஷயம். ஒரு நாள் மாலை பியானோவைப் போட்டதும் தொட்ட ஸ்வரமெல்லாம் நிற்காமல் ஒலித்தன, பெடலை மிதித்தால்தான் நின்றன. எல்லாம் தலைகீழ். கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். பல கருவிகள் ஆன் ஆகும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன. அன்று பாதத்தைப் பெடல் மேல் வைத்தபடியே சுவிட்சைப் போட்டிருக்கிறேன். அணைத்து, காலை எடுத்துவிட்டு, மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம், கூட வரும் சிறிய சதுரப் பெடல் பெரும்பாலும் வெறும் சுவிட்சுதான், உண்டு அல்லது இல்லை. அரைப் பெடல், அதாவது பாதி மிதித்தால் பாதி விளைவு, வேண்டுமென்றால் அதை ஏற்கும் பெடலும் வேண்டும், பியானோவும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

லேயர், அதாவது பியானோவோடு ஸ்ட்ரிங்ஸைச் சேர்த்து ஒலிக்கவைப்பது, எல்லோருக்கும் பிடிக்கும். ஸ்ட்ரிங்ஸின் அளவைப் பியானோவைவிட நன்றாகக் குறைத்துவைத்தால்தான் அழகு. இங்கே பாலிஃபோனி என்ற எண்ணுக்கு வேலை வருகிறது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்பதுதான் அது. 64 என்றால் தாராளம், இருப்பதே 10 விரல்தானே என்று தோன்றும். ஆனால் ஸ்டீரியோ ஒலி என்றால் ஒரு கட்டைக்கு இரண்டு, லேயரில் இன்னொரு ஸ்டீரியோ ஒலி சேர்ந்தால் நான்கு. 64ஐ நான்கால் வகுத்தால் 16. பெடலை மிதித்துக்கொண்டு ஒரு நீளமான ஆர்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக அடுக்குவது) வாசித்தால் 17ஆவது கட்டையில் பழைய ஒலி ஒன்று சத்தமில்லாமல் வெட்டப்படும். மெதுவான பாட்டில் அடியில் பிடித்துவைத்த பாஸ் ஸ்வரம் திடீரென்று காணாமல்போனால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஸ்பிளிட்டை, அதாவது இடது பக்கத்துக்கு ஒரு வாய்ஸ், வலது பக்கத்துக்கு வேறொரு வாய்ஸ் வைப்பதை, நான் அதிகம் பயன்படுத்துவதில்லை. டுயோ மோடு, அதாவது கட்டைகளை நடுவில் பிரித்து இரண்டு பேருக்கும் ஒரே ஸ்தாயியைக் கொடுப்பது, சொல்லித்தரும்போது ரொம்ப உதவும்.

டிரான்ஸ்போஸ், அதாவது மொத்தக் கருவியின் சுருதியையும் நகர்த்துவது, பாடுபவரின் சுருதிக்கு ஏற்றி இறக்க வசதி, வாசித்து முடித்ததும் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள். ஒரு தடவை அரைக் கட்டை (பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்கு இடையிலான தூரம்) ஏற்றியபடியே விட்டுவிட்டு ஒரு வாரம் வாசித்தேன், அப்புறம் பழைய இடத்துக்கு வந்தபோது எல்லாமே சுருதி இறங்கியது போலக் கேட்டது. டியூனிங் இதிலிருந்து வேறு. நடு ஏ-வை 440 ஹெர்ட்ஸிலிருந்து நூலளவு நகர்த்துவது அது, சற்றே ஏறிய சுருதியில் பதிவான ஒலியோடு சேர்ந்து வாசிக்க உதவும்.

ஸ்வரங்களுக்கு இடையிலான தூரங்களையே மாற்றும் டெம்பரமென்ட் அமைப்பு உங்கள் கருவியில் இருந்தால் ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள். நாம் வழக்கமாகக் கேட்கும் சமநிலை டியூனிங்கில் சி-க்கும் ஈ-க்கும் உள்ள இடைவெளி, இயற்கையான 5:4 அதிர்வெண் விகிதத்தைவிட சுமார் 14 சென்ட் அகலம், அதாவது அரைக் கட்டையில் ஏழில் ஒரு பங்கு. 'ப்யூர் மேஜர்' என்று மாற்றி, சி-யை ஆதாரமாக வைத்து, சி மேஜர் கார்டைப் பிடித்துப் பாருங்கள், அலையே இல்லாமல் கண்ணாடி மாதிரி நிற்கும். அப்படியே எஃப் ஷார்ப் மேஜருக்குப் போனால் காது கூசும். சமநிலை டியூனிங் எதற்கு வந்தது என்று எனக்கு அந்த இரண்டு கார்டில்தான் விளங்கியது.

கடைசியாக, பழுது என்று நினைத்துப் பலர் கவலைப்படும் ஒன்று. வலது கோடியில் உள்ள கிட்டத்தட்ட 20 கட்டைகளைத் தட்டிவிட்டு விரலை எடுங்கள், பெடல் இல்லாமலே ஒலி தானாக அடங்கும் வரை நீளும். நிஜப் பியானோவில் அந்த உச்சக் கம்பிகளுக்கு, விரலை எடுத்ததும் ஒலியை அடக்கும் டாம்பர் கிடையாது, கருவி அதைத்தான் அப்படியே காட்டுகிறது. இன்னொன்றும் செய்து பாருங்கள். ஒரு கம்பி ஒலித்தால் மற்றக் கம்பிகளும் சேர்ந்து அதிர்வதைக் காட்டும் ஸ்ட்ரிங் ரெசொனன்ஸ் இருக்கும் பியானோவில், நடு சி-யைச் சத்தமே வராமல் மெல்ல இறக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைச் சுருக்கென்று அடித்து விடுங்கள். அடித்த ஸ்வரம் அடங்கிய பிறகு, அடிக்காத கட்டையிலிருந்து மெல்லிய ஒரு ரீங்காரம் வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் இன்னும் தெளிவு. நான் இதைக் கண்டுபிடித்த இரவு கையை எடுக்காமல் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன்.